மணலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்கு: மோர்கேம் விரிகுடா ஏன் ஆழமில்லாமல் இருக்கிறது?

வட இங்கிலாந்தில் லங்காஸ்டரிலிருந்து பாரோ-இன்-ஃபர்னஸுக்கு ரயிலில் போயிருக்கிறீர்கள். கடல் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஈர மணல்தான் தெரிந்தது என்கிறீர்கள். மோர்கேம் விரிகுடா பனியாறுகளின் கைவேலை என்று எங்கோ படித்ததும் சந்தேகம் வந்திருக்கிறது: நார்வேயில் பனியாறு தோண்டிய சோக்னஃபியூர் 1,300 மீட்டர் ஆழம். அதே மாதிரிப் பனியாறு தோண்டியது என்றால் இந்த விரிகுடாவில் மட்டும் ஏன் ஆடு மேய்க்கலாம் போல இருக்கிறது?

ஆடு மேய்க்கிறார்கள் என்பதும் உண்மைதான். கரையோர உப்புப் புல்வெளிகளில் மேயும் ஆட்டு இறைச்சிக்கு அங்கே தனி மவுசு உண்டு. சரி, கேள்விக்கு வருகிறேன். பனியாறு இங்கேயும் தோண்டத்தான் செய்தது. ஆனால் தோண்டிய பள்ளத்தைத் தன் சரக்காலேயே பாதி மூடிவிட்டுப் போனது. மீதியைக் கடல் மூடியது, அதுவும் பனியாறு கடலடியில் விட்டுப்போன மணலைக் கொண்டே. நீங்கள் பார்த்தது ஆழமில்லாத பள்ளம் இல்லை, நிரம்பிப்போன பள்ளம்.

முதலில் இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐரிஷ் கடலின் கிழக்குக் கரையில், லங்காஷயருக்கும் கம்ப்ரியாவுக்கும் நடுவே இந்த விரிகுடா வாய் பிளந்து கிடக்கிறது. கென்ட், லெவன், கீர், லூன், வயர் என்று ஐந்து ஆறுகள் இதில் சேர்கின்றன. ஓதம் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது) வற்றும்போது வெளியே தெரியும் மணலும் சேறும் மட்டும் சுமார் 310 சதுர கிலோமீட்டர். பிரிட்டனில் ஒரே இடத்தில் இவ்வளவு பெரிய ஓதத் திட்டு வேறில்லை. பெரிய ஓதத்தின் போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 மீட்டரைத் தொடும். நம் சென்னைக் கரையில் இது ஒரு மீட்டர் சொச்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

வடக்கே தெரியும் மலைகள்தான் லேக் டிஸ்ட்ரிக்ட். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறக்குறைய 27,000 முதல் 22,000 ஆண்டுகளுக்கு முன், அந்த மலைகளின் மேல் பல நூறு மீட்டர் தடிமனில் பனிக்கட்டி குவிந்து நாலா பக்கமும் வழிந்தது. பனிக்கட்டி கெட்டியாகத் தெரிந்தாலும் தன் எடையாலேயே மெல்ல மெல்ல ஒழுகும். அடியில் சிக்கிய கற்களைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் போலப் பாறையைத் தேய்க்கும். பாறை விரிசலில் உருகிய நீர் மறுபடி உறையும்போது துண்டு துண்டாகப் பெயர்த்தெடுத்துக்கொண்டும் போகும். தெற்கே வழிந்த பனி இன்றைய விண்டர்மியர், கோனிஸ்டன் ஏரிகள் இருக்கும் பள்ளத்தாக்குகள் வழியாகவும் கென்ட் பள்ளத்தாக்கு வழியாகவும் விரிகுடாவுக்குள் இறங்கியது. அதே சமயம் ஸ்காட்லாந்திலிருந்து வந்த இன்னொரு மாபெரும் பனியோட்டம் ஐரிஷ் கடல் படுகையை அடைத்துக்கொண்டு தெற்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் மோர்கேம் பக்கத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டன.

ஸ்காட்லாந்துப் பனி அந்தப் பக்கம் போனது எப்படித் தெரியும் என்றால், அது விட்டுச்சென்ற கற்கள் சொல்கின்றன. கிளைடு ஆற்று முகத்துக்கு எதிரே எய்ல்சா கிரெய்க் என்று ஒரு குட்டித் தீவு. பனிச்சறுக்கு மைதானத்தில் தேய்த்துத் தள்ளி விளையாடும் கர்லிங் கற்களைப் பெரும்பாலும் அந்தத் தீவின் பாறையில்தான் செய்வார்கள். அந்த நுண்மணிக் கிரானைட் துண்டுகள் ஐரிஷ் கடல் கரையோரமாக வேல்ஸ் வரை கிடக்கின்றன. அவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வர ஆற்றால் முடியாது, அந்த வழியில் ஆறும் இல்லை.

தோண்டியதற்குச் சாட்சி விண்டர்மியர் ஏரி. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 39 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதிகபட்ச ஆழம் 64 மீட்டர். கழித்துப் பாருங்கள்: ஏரியின் அடித்தரை கடல்மட்டத்துக்கு 25 மீட்டர் கீழே. ஆற்றுநீர் தன் வாயைவிட ஆழமாக உள்நாட்டில் ஒரு குழியைத் தோண்டிக்கொள்ளாது. பனிக்கட்டிக்கு அந்தத் தடை கிடையாது. பின்னாலிருந்து அழுத்தம் இருந்தால் அடியிலுள்ள பனி மேட்டின் மேலும் ஏறிப் போகும். அந்த ஏரியின் நீர் லெவன் ஆறாக வெளியேறி நேரே மோர்கேம் விரிகுடாவில்தான் விழுகிறது. ஏரி வரைக்கும் அவ்வளவு ஆழம் தோண்டிய பனி, ஏரி முடிந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டா வந்திருக்கும்?

வைக்கவில்லை. விரிகுடாவின் மணலுக்கடியில் பாறைத் தரை பல பத்து மீட்டர் கீழே புதைந்து கிடக்கிறது. புதைந்த பள்ளத்தாக்குகள் அங்கே உண்டு. நிலவியல் படிக்காத ஒரு தொழிலும் இதைத் தன் வழியில் கண்டுபிடித்தது, ரயில்வே. 1837 வாக்கில் ஜார்ஜ் ஸ்டீவன்சன் விரிகுடாவின் குறுக்கே பெரிய கரை எழுப்பி ரயில் விடலாம் என்று யோசனை சொன்னார், நடக்கவில்லை. பிறகு ஜேம்ஸ் பிரன்லீஸ் என்ற பொறியாளர் கென்ட், லெவன் ஆகிய இரண்டு கழிமுகங்களின் மேலும் பாலம் போட்டார். 1857-இல் ரயில் ஓடியது. நீங்கள் போனது அதே பாலங்களின் வழியாகத்தான், ஆனால் பிற்காலத்தில் அவற்றைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

அவர் அஸ்திவாரம் தேடித் துளை போட்டுப் பார்த்தார். மணல், அதற்கும் கீழே மணல். கெட்டித் தரை அகப்படவில்லை. அப்போது அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. பாறையைத் தேடுவதை விட்டுவிட்டு மணலையே நம்பினார். உள்ளே கூடான வார்ப்பிரும்புத் தூண், அதன் அடியில் தட்டு மாதிரி அகன்ற ஒரு வட்டு. தூணுக்குள் குழாய் விட்டுத் தண்ணீரை அழுத்தமாகப் பாய்ச்சினார்கள். வட்டுக்கடியிலுள்ள மணல் கூழாகக் கலங்கி விலக, தூண் தன் எடையில் இறங்கியது. வேண்டிய ஆழம் வந்ததும் தண்ணீரை நிறுத்தினார்கள். மணல் மறுபடி இறுகித் தூணைக் கவ்விக்கொண்டது. தண்ணீர் இருந்தால் கூழ், வடிந்தால் கல்: இந்த மணலின் குணம் அதுதான். அதே குணம் உயிரையும் வாங்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நிரப்பிய கதை. ஆறு தான் கொண்டுவரும் மண்ணைச் சலித்துத்தான் போடும், கனமான கல் ஓரிடம், மணல் ஓரிடம், வண்டல் வேறிடம் என்று. பனியாற்றுக்கு அந்த நாசூக்கு கிடையாது. மாவு போன்ற பாறைத்தூளிலிருந்து மாட்டுவண்டி அளவுப் பாறை வரை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து அப்படியே அப்பிவிட்டுப் போகும். நிலவியலில் இதற்கு டில் என்று பெயர். கல் கலந்த களிமண் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிகுடாவைச் சுற்றியுள்ள தாழ்நிலம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் களிமண்ணை ஓடுகிற பனி அடியில் வைத்து நீவி உருவாக்கிய குன்றுகள்தான் ட்ரம்லின். கெண்டலிலிருந்து லங்காஸ்டர் வரை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நான் அந்தப் பக்கம் சில காலம் இருந்தபோது, சாலையில் போகும்போது ஒரு மேடு ஏறி இறங்கினால் உடனே அடுத்தது வந்துவிடும், அதுவும் ஒரே சாயலில். கவிழ்த்துப் போட்ட அகப்பை போல ஒரு முனை மொத்தையாகவும் செங்குத்தாகவும் இருக்கும், மறுமுனை மெல்ல வழிந்து தரையோடு சேரும். மொத்தை முனை பனி வந்த பக்கம், வால் போன பக்கம். வரைபடத்தில் ஒவ்வொரு குன்றின் நீளவாக்கிலும் ஒரு கோடு போட்டால் போதும், பனி எந்தப் பக்கம் ஒழுகியது என்று மீன்கூட்டம் நீந்துவது போலத் தெரிந்துவிடும். குன்றுகளுக்கு இடையில் தண்ணீர் வடிய வழியில்லாததால் பள்ளமெல்லாம் சதுப்பு. அதனால் பண்ணை வீடுகள் மேட்டைத் தேடிப் போயிருக்கின்றன. லங்காஸ்டர் கால்வாயைப் பார்த்தால் அது ஒரே மட்டத்தில் இந்த மேடுகளைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. பிரெஸ்டனிலிருந்து டூவிட்ஃபீல்டு வரை 60 கிலோமீட்டருக்கு மேல், படகை ஏற்றி இறக்கும் மதகடைப்பு ஒன்றுகூட இல்லை.

கடலுக்குள் மாட்டிய ட்ரம்லின்களின் கதி வேறு. அலை களிமண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும், கல்லை நகர்த்த முடியாது. குன்று இருந்த இடத்தில் தலையளவுக் கற்கள் மட்டும் கம்பளம் விரித்தது போல மிஞ்சும். உள்ளூர் மீனவர்கள் இவற்றை ஸ்கியர் என்பார்கள். வற்றத்தில் ஹேஷம் பக்கம் போய்ப் பார்த்தால் மணல்வெளி நடுவே திடீரென்று கறுப்பாக ஒரு கல்திட்டு. கறுப்பு கல்லின் நிறம் இல்லை, மேலே அப்பிக்கிடக்கும் மசல் சிப்பியின் நிறம். மசல் நிலையில்லாத மணலில் காலூன்ற முடியாது, பிடித்துக்கொள்ளக் கல் வேண்டும். கடல் கரைத்துவிட்டுப் போன குன்றின் எலும்புக்கூட்டில்தான் அதன் பிழைப்பு. விரிகுடாவின் மேற்கு வாசலில் நீண்டு கிடக்கும் வால்னி தீவும், பாழடைந்த கோட்டை நிற்கும் பீல் தீவும் இதே களிமண் மேடுகள்தான். கல்லால் கோட்டை கட்டினவர்கள் அதைக் களிமண்ணின் மேல் கட்டினார்கள், அதனால் கடல் அரிக்க அரிக்கக் கோட்டையின் ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

பனி பின்வாங்கியபோது கடல் உடனே உள்ளே வரவில்லை. உலகத்தின் தண்ணீர் பெருமளவு பனியாகக் கட்டிக்கிடந்ததால் கடல்மட்டம் உச்சக் காலத்தில் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் கீழே இருந்தது. (அதே காலத்தில்தான் நம் பாக் நீரிணையும் தரையாகக் கிடந்தது, ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கால்நடையாகவே போயிருக்கலாம்.) மோர்கேமில் விரிகுடாவும் அதற்கு வெளியே கடலடியின் பெரும்பகுதியும் பனிநீர் ஓடைகள் பின்னிக் கிடந்த மணல், சரளை, களிமண் சமவெளி. செடிகொடி இல்லாத அந்தச் சமவெளியில் குளிர்காற்று புழுதியை வாரித் தூற்றியது. அர்ன்சைடு, சில்வர்டேல் சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் அந்த நுண்புழுதி இன்னும் மெல்லிய மண்ணாகப் படிந்திருக்கிறது.

ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து கடல் உள்ளே நுழைந்தது. வெறுங்கையோடு வரவில்லை. இந்த விரிகுடாவின் மணலை ஐந்து ஆறுகளும் கொண்டுவந்து கொட்டியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஆறுகள் குட்டி ஆறுகள், அதிலும் லெவன் தன் மண்ணையெல்லாம் விண்டர்மியர் ஏரியிலேயே இறக்கிவைத்துவிட்டுத் தெளிந்த நீராக வருகிறது. மணலின் பெரும்பங்கு வந்தது எதிர்த்திசையிலிருந்து, ஐரிஷ் கடலின் அடித்தளத்திலிருந்து. பனியாறு அங்கே பரப்பிவைத்த சரக்கை அலையும் ஓதமும் சலித்து, நுண்மணலை மட்டும் வாரி உள்ளே கொண்டுவந்தன.

கொண்டுவந்த மணல் ஏன் திரும்பிப் போகவில்லை என்றால், ஓதத்தின் நடை அப்படி. புனல் போன்ற, ஆழமில்லாத விரிகுடாவில் ஏற்றம் குறுகிய நேரத்தில் வேகமாக வரும். வற்றம் நெடுநேரம் எடுத்துச் சோம்பலாகப் போகும். ஒரே அளவு தண்ணீர்தான், ஆனால் தண்ணீரின் வேகம் சிறிது கூடினாலே அது தூக்கும் மணல் பல மடங்கு கூடிவிடும். ஆக ஏறும்போது நாலு கூடை கொண்டுவந்து, இறங்கும்போது மூன்று கூடை எடுத்துப்போகிற கணக்கு. (கூடைக் கணக்கு என்னுடையது, உதாரணத்துக்கு.) இப்படியே ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஏற்றத்தின் வேகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அர்ன்சைடுக்குப் போங்கள். பெரிய ஓத நாட்களில் கென்ட் ஆற்றில் நீர்ச்சுவர் போல அலை எதிரேறி வரும், முன்கூட்டியே எச்சரிக்கைச் சங்கு ஊதுவார்கள்.

நார்வேயோடு உள்ள வித்தியாசமும் இங்கேதான். அங்கே கெட்டிப் பாறை மலைக்குள் குறுகலான வாய்க்காலில் பனி மாட்டிக்கொண்டது. விசையெல்லாம் கீழ்நோக்கிப் போனது. பனி போன பிறகு அவ்வளவு ஆழத்தை நிரப்ப மணலும் இல்லை. மோர்கேமில் மலையை விட்டு வெளியே வந்த பனி விசிறி போல விரிந்துவிட்டது. விரிந்த பனி சில வாய்க்கால்களை மட்டும் ஆழமாக வெட்டும், மற்ற இடத்தில் பூசிக்கொண்டு போகும். வாசலிலோ கைக்கெட்டும் தூரத்தில் கடல் நிறைய மணல்.

மணலின் குணம் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. மட்டி பொறுக்கும் ஆட்களிடம் ஜம்போ என்று ஒரு கருவி இருக்கும். தட்டையான ஒரு பலகை, மேலே பிடித்து ஆட்டக் கைப்பிடி. ஈர மணல் மேல் வைத்து முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். ஒரு நிமிடத்தில் கல் போல இருந்த தரை தளதளவென்று கூழாகும், உள்ளே புதைந்திருந்த மட்டிகள் மேலே எழும்பி வரும். மூன்று பல் வைத்த சிறு முள்கரண்டியால் கொத்திக் கூடையில் போடுவார்கள். மணல்மணிகளுக்கு இடையில் நீர் நிரம்பியிருக்கும்போது அசைத்தால், மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டு நீரில் மிதக்கத் தொடங்குகின்றன. பிரன்லீஸின் தூணுக்கு நடந்தது இதுவே. காலை வைத்தவருக்கு நடப்பதும் இதுவே, புதைமணல். அசைக்க அசைக்கக் கால் இறங்கும், அசையாமல் நின்றால் சுற்றிலும் இறுகிக்கொள்ளும், அந்த நேரத்தில் ஏற்றமும் வந்துகொண்டிருக்கும். 2004 பிப்ரவரி 5 இரவு, ஹெஸ்ட் பேங்க் பக்கம் மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் ஏற்றத்தில் சிக்கி இறந்தார்கள். அந்த மணலையும் ஓதத்தையும் தெரியாத ஆட்களை இருட்டில் இறக்கிவிட்ட கூலிக் கும்பலின் தலைவனுக்குப் பிறகு சிறைத்தண்டனை கிடைத்தது.

வாய்க்கால்கள் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. கென்ட் ஆற்றின் கால் சில பத்தாண்டுகளில் விரிகுடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நகர்ந்துவிடும். கிரேஞ்ச்-ஓவர்-சாண்ட்ஸ் ஒரு காலத்தில் நீராவிப் படகு வந்து நின்ற ஊர். கடற்கரை நடைபாதை இன்னும் அழகாகத்தான் இருக்கிறது, எதிரே மட்டும் கடலுக்குப் பதில் புல்வெளி. இதனால்தான் மணல்வெளியைக் கடக்க அரசு நியமித்த வழிகாட்டி என்றொரு பதவியே பதினாறாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் செட்ரிக் ராபின்சன். முதலில் மணலைச் சோதித்துப் பார்த்து, பாதுகாப்பான தடத்தில் லாரல் கிளைகளை நட்டு வைப்பார். அந்தக் கிளைக்கு உள்ளூரில் பிராப் என்று பெயர்.

சுற்றுப்புறத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், சுண்ணாம்புக் கல்தளம். கேட் பாரோஸ், ஹட்டன் ரூஃப் பகுதிகளில் குன்றின் தலை மொட்டையாக, தளம் பாவியது போல வெள்ளைப் பாறையாக இருக்கும். 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய பாறை. மேல்மண்ணையும் உடைந்த பாறையையும் பனி வழித்தெடுத்து மட்டமாக்கியது. இதை முழுக்கப் பனியின் வேலை என்று எழுதுவார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். தளத்தைக் கொடுத்தது பனி, பாளம் பாளமாக அறுத்தது மழைநீர். மழைநீரின் மெல்லிய அமிலம் பாறைப் பிளவுகளைக் கரைத்துக் கரைத்து ஆழமான இடுக்குகளாக்கிவிட்டது. பாளத்துக்கு கிளின்ட், இடுக்குக்கு கிரைக் என்று அந்த ஊரில் சொல்வார்கள். வெயிலும் காற்றும் காயும் மேல்தளத்தில் ஒன்றும் முளைக்காது, இடுக்குக்குள் எட்டிப் பார்த்தால் ஈரத்தில் பெரணி செழித்திருக்கும். தோட்டத்தில் அழகுக்கு வைக்க இந்தப் பாளங்களைப் பெயர்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1981-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அது அடங்கியது.

அடுத்த முறை போனால், லங்காஸ்டரில் ஏறியதும் இடப்பக்கச் சன்னலோரம் பிடியுங்கள். வற்ற நேரமாகப் பார்த்து ஏறுங்கள், அட்டவணை இணையத்திலேயே கிடைக்கும். கார்ன்ஃபோர்த் தாண்டியதும் சில்வர்டேல், பிறகு அர்ன்சைடு, உடனே கென்ட் பாலம். பாலத்தின் மேல் ரயில் மெதுவாகப் போகும்போது தூண்களைச் சுற்றி மணல் எப்படிக் குழிந்திருக்கிறது என்று கீழே பாருங்கள். உல்வர்ஸ்டனுக்கு முன்னால் லெவன் பாலம் வரும், அங்கே மட்டும் ஒரு நிமிடம் வலப்பக்கம் வந்து வடக்கே பாருங்கள். மேகம் இல்லாவிட்டால் பனி இறங்கி வந்த மலைகள் தெரியும். திரும்பி இடப்பக்கம் பார்த்தால் மணல் நடுவே மரங்களோடு ஒரு சின்னத் திட்டு, சேப்பல் தீவு. அது சுண்ணாம்புப் பாறை. கீழே புதைந்துபோன பழைய தரையில், மணலுக்கு மேலே இன்னும் தலை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு.